மேல் வீட்டு எண்ணெயும் கீழ் வீட்டு மார்ஷ்மெல்லோவும்

...அதத்தான் தம்பி நானும் சொல்றேன், இது என் வீட்டுக் குழாயோட தப்பே இல்ல. நீங்க பாட்டுக்கு என் சிங்க்குக்கு அடியில தலைய விட்டுத் தேடிக்கிட்டு இருக்கீங்க. தப்பு மேல இருக்கு. மாடியில! அவ ஊத்தறதெல்லாம் கீழதானே வந்தாகணும்? தண்ணி என்ன, மேல ஏறியா போகும்?

என்னது? டார்ச்சா? பிடிக்கிறேன், பிடிக்கிறேன். இப்பத் தெரியுதா? முதுகுக்கு அடியில அந்தப் பழைய துண்டப் போட்டுக்கங்க, தரையெல்லாம் ஈரம். நேத்துலருந்து சிங்க்குல நிக்கற தண்ணிய மொண்டு மொண்டு பாத்ரூமுக்குச் சுமக்கறேன். வழியெல்லாம் சொட்டு. என் வீட்டுக்காரர் அந்தச் சொட்டுமேல கால வெக்காம தாண்டித் தாண்டிப் போறாரு, ஒரு துணி எடுத்துத் தொடைப்பமேன்னு இல்ல. உங்களுக்குப் போன் பண்ணினாரே, அதுவே அதிசயம். வருஷத்துக்கு ஒரு நல்ல காரியம் பண்ணுவாரு. இந்த வருஷக் கணக்கு இதோட முடிஞ்சுது.

வரும்போது படியில பாத்தீங்கல்ல? வெள்ளையா மாவு கொட்டிக் கிடக்குமே... பாத்தீங்களா? அதுவும் அவதான். வேற யாரு? கேக் செய்யறவ வீட்டு மாவுதானே படியில கிடக்கும். யாராச்சும் வழுக்கி விழுந்தா கூட்டிக்கிட்டு ஓடறது நான்.

யாரா? என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. சின்னவ, சின்னவன்னுதான் சொல்லுவேன். இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து நான் அவளுக்கு 'அக்கா', அவ எனக்கு 'ஏய்'. கெட்டவன்னு சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது. ஆனா கேக் செய்யறா பாருங்க... அதான். ஒருத்தி நெனச்சா கேக், நெனச்சா பிஸ்கட்டுன்னு செஞ்சுக்கிட்டு இருந்தா, அந்த வீட்டுல எவ்வளவு வெண்ணெய், எவ்வளவு கிரீமு, எவ்வளவு எண்ணெய்! பாத்திரம் கழுவினா அதெல்லாம் எங்க போகும்? நீங்களே சொல்லுங்க. குழாய் வேலை பாக்கறவரு, உங்களுக்குத் தெரியாததா?

ம்? மேல குழாயத் தொறந்தா என் சிங்க்குல தண்ணி ஏறுதாவா? ஏறும். ஏறாம? ...கண்ணால பாத்தேனான்னா... அதையெல்லாம் யாரு தம்பி உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாங்க. எனக்கு வேற வேலை இல்லியா? ஏறியிருக்கும். மேல இருக்கறது கீழ வந்து, கீழ வழியில்லாம மேல வந்து... நீங்க கழட்டுங்க, தெரியும்.

எப்பிடியாச்சும் இன்னிக்குச் சரி பண்ணிக் குடுத்துடணும் தம்பி. நாளைக்கு எல்லாருக்கும் இங்கதான் சாப்பாடு. வருஷக் கடைசி லீவுன்னா எங்க வீட்டுல மாடி, கீழன்னு பிரிக்கறது கிடையாது. கேக் அவ, சாப்பாடு நான். ஒரே மேசை. என் மகன் வரல. லீவு கிடைக்கலையாம். போன வருஷமும் கிடைக்கல. 'அடுத்த வருஷம் பாப்போம்மா'ங்கறான். பாக்கட்டும், பாக்கட்டும். அதனால எனக்கு லீவுன்னா மாடியில இருக்கற ரெண்டு வாலுங்கதான். சின்னவளோட பொண்ணுங்க, ரெட்டைப் புள்ளைங்க. ஒண்ணு பெரிய வாலு, ஒண்ணு சின்ன வாலு. ஒண்ணு கொஞ்சம் முந்தி வந்துட்டதுக்கு இந்தப் பட்டம். காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடி 'பெரியம்மா'ன்னு இறங்கி வந்து, இதோ, இந்த மேடையில ஏறி உக்காந்துடும். இறங்குங்கடின்னாலும் இறங்காது. நேத்துலருந்து ஒண்ணுகூட வரல. மேடை தொடச்சு வெச்ச மாதிரி கிடக்கு. பாக்கவே பிடிக்கல.

அது வேற கதை. அப்புறம் சொல்றேன்.

ஸ்பேனரா? இதா? இது இல்லியா? சிவப்புப் பிடி போட்டதா? எல்லாமே சிவப்புப் பிடிதான் போட்டிருக்கு! இந்தப் பெரிசா? இந்தாங்க. இவ்வளவு கனத்த எப்பிடித்தான் தூக்கிட்டு மாடி மாடியா ஏறுறீங்களோ.

எல்லாத்துக்கும் காரணம் அந்த மார்ஷ்மெல்லோ. தெரியுமில்ல? பஞ்சு மிட்டாய் இல்ல, அது வேற. இது குட்டித் தலகாணி மாதிரி இருக்கும். அமுக்கினா உள்ள போய்ட்டு, விட்டா எழும்பும். லீவு விட்ட அன்னிக்கு ரெண்டு வாலும் கடையில வாங்கின பாக்கெட்டோட வந்து, என் வாயிலயும் ஒண்ணத் திணிச்சுச்சுங்க. நான் 'நல்லாருக்குடி'ன்னு சொல்லிட்டு வேலையப் பாத்திருக்கலாம். இந்த வாய் இருக்கே! 'ப்பூ, இவ்வளவுதானா? சீனியும் காத்தும். இத வீட்டுலயே செய்யலாம், நான் செஞ்சு தர்றேன்'னுட்டேன். பெரிய வாலு என்னை ஏற இறங்கப் பாத்துட்டுச் சொல்லுது: 'பெரியம்மாவுக்குச் சமையல்தான் வரும். இனிப்பெல்லாம் எங்கம்மாதான்.'

புள்ளை, தெரியாமச் சொல்லுது. ஆனா எனக்கு இங்க, இந்த எடத்துல, சுருக்குன்னுச்சு... ஐயையோ, கண்ணுல அடிச்சிட்டேனா? நெஞ்சத் தொட்டுக் காட்டினேன், டார்ச்சும் சேந்து வந்துடுச்சு. பிடிச்சிட்டேன், பிடிச்சிட்டேன், இனிமே ஆட மாட்டேன்.

'எனக்கு ஸ்ட்ராபெரி'ன்னுச்சு பெரிசு. 'எனக்கு ஆரஞ்சு'ன்னுச்சு சின்னது. என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலருந்து 'எனக்குக் காப்பி'ங்கறாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவரா வாயத் தொறந்து இது வேணும்னு கேட்டது அன்னிக்குத்தான். விட முடியுமா?

வீடியோ பாத்தேன். அதுல ஒருத்தி சிரிச்சுக்கிட்டே செய்யறா. சிரிச்சுக்கிட்டே சமைக்கறவங்கள நம்பவே கூடாது தம்பி. அடுப்புக்கு முன்னாடி நின்னவ எவளாச்சும் சிரிச்சிருக்காளா? ஜெலட்டின்னு ஒரு பொடி. அத மொதல்லயே பச்சத் தண்ணியில ஊற வெச்சுடணும்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாளாம். நான் அப்ப குக்கர் விசில் அடிக்குதுன்னு எந்திரிச்சுப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா அவ பாகு காய்ச்சிக்கிட்டு இருக்கா. சரின்னு நானும் காய்ச்சினேன். கொதிக்கற பாகுல பொடிய அப்பிடியே கொட்டினேன்.

தம்பி... அந்த வாசனைய எப்பிடிச் சொல்லுவேன். மழையில நனைஞ்ச தோல் செருப்ப அடுப்புல காய வெச்ச மாதிரி. பொடி கரையாம கட்டி கட்டியா, மீன் கண்ணு மாதிரி மெதந்துக்கிட்டு என்னையே பாக்குது. இது என் வீட்டுக்காரருக்குத்தானேன்னு காப்பித்தூள அள்ளிப் போட்டேன், வாசனை அடங்கட்டும்னு. அடங்கல. காப்பி குடிச்ச செருப்பு ஆயிடுச்சு.

என்ன பண்ணினேனா? எத? ...அதயா? அத... அப்புறப்படுத்திட்டேன். அது எதுக்கு தம்பி இப்ப? நீங்க திருகுங்க.

ரெண்டாவது தடவ பொடிய ஊற வெச்சேன். நல்லாப் பூத்து வந்துச்சு, பூப்போல. இது ஸ்ட்ராபெரிக்கு. பாக நூத்திப் பதினஞ்சு டிகிரிக்குக் காய்ச்சணும்னு சொல்றா வீடியோக்காரி. எங்க வீட்டுல டிகிரி வாங்கினவ மாடியில இருக்கா. நான் ஏழாங்கிளாஸோட நின்னவ, எனக்குத் தெரிஞ்சது ரெண்டு விரல்ல தொட்டுப் பாக்கற பதம். அவசரத்துல அதையும் பாக்கல. அப்பத்தான் மேலருந்து குரல் வருது.

இந்த ஜன்னல் இருக்கே, இதுக்கு நேர் மேல அவ ஜன்னல். நான் இங்க தும்மினா அவ அங்கருந்து 'என்னக்கா, சளியா'ம்பா. அப்பிடி இருந்தா ஒரு பொம்பள ரகசியமா ஒரு காரியம் எப்பிடிச் செய்யறது? 'அக்கா, பாகு இன்னும் கொஞ்சம் காயட்டும். பச்சத் தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, உருண்டை பிடிக்கணும்'ங்கறா. வாசனைய வெச்சே கண்டுபிடிச்சிட்டா! நான் என்ன சொல்லணும்? 'சரிடி'ன்னு சொல்லணும். நான் என்ன சொன்னேன்? 'எனக்குத் தெரியும், உன் வேலையப் பாரு'ன்னு சொல்லி ஜன்னலச் சாத்திட்டேன்.

மறுநாள் தட்டத் தூக்கிப் பாத்தா, ரோஸ் கலர்ல கஞ்சி. இந்தப் பக்கம் சாச்சா இந்தப் பக்கம் ஓடுது, அந்தப் பக்கம் சாச்சா அந்தப் பக்கம் ஓடுது. என் வீட்டுக்காரர் பாத்துட்டு, 'இத டம்ளர்ல ஊத்திக் குடிக்கணுமா'ங்கறாரு.

அதையும் அப்புறப்படுத்திட்டேன்.

மூணாவது ஆரஞ்சு. பொடி சரி, பாகும் சரி. ஆனா அத விடாம அடிக்கணும் தம்பி. சூடா இருக்கும்போது ஆரம்பிச்சு, ஆறி, வெளுத்து, மூணு பங்கா பொங்கற வரைக்கும். அவங்கெல்லாம் மிஷின்ல அடிக்கறாங்க. எங்கிட்ட இருக்கறது முட்டை அடிக்கற கம்பி. அடிச்சேன். வலது கை விட்டுப்போச்சு, இடது கைக்கு மாத்தினேன். இடது கை விட்டுப்போச்சு, என் வீட்டுக்காரரக் கூப்பிட்டேன். அவரு ரெண்டு சுத்து சுத்திட்டு, கைய உதறிட்டு, 'இதுக்குப் பேசாம பாக்கெட்டு வாங்கியிருக்கலாம்'ங்கறாரு. வந்த கோவத்துல அந்தக் கம்பியாலயே... விடுங்க. பாதிதான் பொங்குச்சு. மேல நுரை, அடியில ரப்பர். அதையும்...

ஆமா. அதையும்தான்.

இதுக்கு நடுவுல கதவு தட்டற சத்தம். ரெண்டு வாலும் ஒரு அட்டைப் பெட்டியத் தூக்க முடியாமத் தூக்கிட்டு நிக்குதுங்க. உள்ள சின்னவளோட பீட்டர், அதான் அந்த அடிக்கற மிஷின். 'அம்மாவுக்கு இப்ப வேலை இல்லியாம் பெரியம்மா. சும்மாவே கிடந்தா மிஷின் வீணாப் போயிடுமாம். நீங்க கொஞ்சம் ஓட்டிக் குடுக்கணுமாம்.' பாத்தீங்களா எவ்வளவு அழுத்தக்காரின்னு! 'அக்காவுக்கு வேணும்'னு குடுத்தனுப்பியிருந்தா, வேணாம் போன்னு திருப்பி அனுப்பியிருப்பேன். வீணாப் போயிடும்னா எப்பிடி வேணாங்கறது? லீவு வாரத்துல கேக் செய்யறவளுக்கு மிஷின்ல வேலை இல்லியாம்! நான் என்ன அவ்வளவு பைத்தியமா?

வாங்கிக்கிட்டேன். என்ன பண்றது, புள்ளைங்க கை வலிக்குமேன்னு.

அடுத்தது ஏறிச்சு தம்பி! ஏறிச்சுன்னா ஏறிச்சு, அப்பிடி ஏறிச்சு! நேத்துக்கு முந்தின நாளு. பாக உருட்டிப் பாத்தேன். அவ சொன்னான்னு இல்ல, எனக்கே தெரியும். மெதுவா ஓரமா ஊத்திக்கிட்டே மிஷின ஓட்டினேன். மொதல்ல அழுக்குத் தண்ணி மாதிரி இருந்துச்சு, அப்புறம் பால் மாதிரி, அப்புறம் வெள்ளவெளேர்னு, பளபளன்னு... கம்பியத் தூக்கினா ரிப்பன் மாதிரி மடிஞ்சு மடிஞ்சு விழுது. மூணாப் பிரிச்சு மூணு வாசனையும் போட்டேன். தட்டுல சோளமாவும் பொடிச்ச சீனியும் தூவி ஊத்தி, ராத்திரி பூரா விட்டுட்டு, காலையில கத்திக்கு எண்ணெய் தடவி வெட்டினேன். கத்தி எறங்கற சத்தமே இல்ல. ஒண்ண எடுத்து அமுக்கினேன். உள்ள போச்சு. விட்டேன். எழும்பிச்சு! நான் தனியா நின்னு கை தட்டினேன்னா பாத்துக்கங்க. அதோ, மேடையில மூடி வெச்சிருக்கேனே, அதான். உங்களுக்கும் தர்றேன். கை கழுவிட்டு... எங்க கழுவறது, அதான் அடைச்சிருக்கே.

நேத்து அந்தக் காலையிலதான் இது அடைச்சிச்சு. வெட்டி முடிச்ச கையோட தட்டக் கழுவ வர்றேன், தண்ணி இறங்க மாட்டேங்குது. அதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு நாளா கொஞ்சம் மெதுவாத்தான் இறங்கிச்சு, நான் பெரிசா எடுத்துக்கல. அன்னிக்குப் பூராவும் நின்னுடுச்சு. குச்சி விட்டுக் குத்தினேன், நகரல. அதே நேரத்துல மேலருந்து என்ன வாசனை வருதுங்கறீங்க? கேக்கு. வெண்ணெய் உருகற வாசனை. எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. படியில நின்னேன். 'ஏய், உன் எண்ணெயும் கிரீமும் ஊத்தி ஊத்தி என் சிங்க்க அடைச்சிட்டியேடி! நாளான்னிக்கு நான் எங்க சமைக்கறது? உன் கேக்க வெச்சு நீயே பந்தி போட்டுக்கோ!'ன்னு... இன்னும் என்னென்னமோ. வாய்க்கு வந்ததெல்லாம். எதிர் வீட்டுக்காரங்க கதவத் தொறந்து பாத்துட்டு மூடிக்கிட்டாங்க. ரெண்டு வாலும் படிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு மேலருந்து என்னையே பாக்குதுங்க.

அவ என்ன சொன்னா தெரியுமா? 'சரிக்கா.' அவ்வளவுதான். புள்ளைங்கள உள்ள கூட்டிக்கிட்டுக் கதவச் சாத்திட்டா. ரெண்டு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தா நானும் நாலு திட்டிட்டு, சாயங்காலம் காப்பி குடிக்கக் கூப்பிட்டிருப்பேன். எத்தனை தடவ அப்பிடி நடந்திருக்கு! இந்த 'சரிக்கா'வ வெச்சுக்கிட்டு ஒருத்தி என்ன பண்றது? ராத்திரி சாப்பாடு இறங்கல. நாளைக்கு அவங்க தனியாச் சாப்பிட்டுக்கறாங்களாம், என் கொழுந்தன் அண்ணன்கிட்ட சொல்லியிருக்காரு. இது இந்த வீட்டுல நடந்ததே இல்ல தம்பி. அப்புறம் இத்தனையும் செஞ்சது யாருக்கு? நானும் இவருமா மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு மார்ஷ்மெல்லோ தின்னுக்கிட்டு இருக்கறதா?

அதனாலதான் சொல்றேன், நீங்க அந்த எண்ணெய எடுத்து ஒரு பாட்டில்ல போட்டுக் குடுங்க. நான் காட்டணும். சண்ட போடறதுக்கு இல்ல. தப்பு யாருதுன்னு தெரிஞ்சா, 'போகட்டும் போ, தெரியாமப் பண்ணிட்ட'ன்னு பெருந்தன்மையா விட்டுடுவேன். விடறதுக்குக் கையில ஒண்ணு வேணுமில்ல?

கழண்டுடுச்சா? பக்கெட்ட இன்னும் கொஞ்சம் இப்பிடி... அம்மாடி, எவ்வளவு தண்ணி! மூஞ்சியில படாமப் பாத்துக்கங்க. ம்... வருது பாருங்க வாசனை! எண்ணெய்தானே? சொன்னேனா இல்லியா! ...எண்ணெய் இல்லியா? பின்ன?

ஆரஞ்சா?

...ஆமா, ஆரஞ்சு மாதிரிதான் இருக்கு. அவ ஆரஞ்சு கேக்கும் செய்வா தம்பி. நல்லாவே செய்வா. தோலத் துருவிப் போட்டு... கேக்கு இவ்வளவு பளபளப்பா இருக்காதுங்கறீங்க. இருக்காதுதான். ஐயோ, தொபுக்குன்னு விழுது! ஆடுது பாருங்க பக்கெட்டுல! உசிரு இருக்கற மாதிரி ஆடுது! குழாய் வளைஞ்ச மாதிரியே வளைஞ்சு, அச்சுல வாத்த மாதிரி... இவ்வளவு அழகா என் தட்டுலகூட உறையல.

இன்னும் இருக்கா? இழுங்க... ரோஸ் கலரு.

...

அதுக்குப் பின்னாடி... ஆமா. காப்பி. கண்ணு கண்ணா இருக்குமே, பாருங்க. இருக்கா? இருக்கும்.

எழுந்திரிச்சு உக்காருங்க தம்பி, கழுத்து வலிக்கப்போவுது. அப்பிடிப் பாக்காதீங்க. சீனிதானே! சீனி தண்ணியில கரையும்னு யாருக்குத்தான் தெரியாது? ஊத்திட்டு, போய்ச்சேரட்டும்னு பச்சத் தண்ணியத் தொறந்து தொறந்து விட்டேன். ...ஓ. பச்சத் தண்ணி பட்டா உறைஞ்சிடுமா. அதான் தட்டுல உறையாததெல்லாம் உங்க குழாயில போய் உறைஞ்சிருக்கு. குப்பையில போட்டிருக்கலாமேன்னா... குப்பைக் கூடைய ரெண்டு வீட்டுக்கும் சேத்துக் கீழ வெப்போம். அவ குப்பையக் கொட்ட வரும்போது பாப்பாளே. மூணு தட்டு! மூணு கலருல! 'என்னக்கா, வரலியா'ன்னு சிரிக்கக்கூட மாட்டா, பாவமாப் பாப்பா. அதத்தான் என்னால தாங்க முடியாது.

தம்பி, ஒண்ணு பண்ணுங்க. குழாய் பழசு, உள்ள துருப்பிடிச்சு அடைச்சிடுச்சுன்னு சொல்லிடுங்க. என் வீட்டுக்காரர் கேட்டாலும் அதையே சொல்லுங்க. ...பிளாஸ்டிக் குழாயா? பிளாஸ்டிக் துருப்பிடிக்காதா? ஒண்ணுகூட ஒத்துழைக்க மாட்டேங்குது இந்த வீட்டுல.

உங்கள ரொம்ப நேரம் பிடிச்சு வெச்சிட்டேன். என் வீட்டுக்காரர் எப்பப் போன் பண்ணினாரு, காலையிலயா? ...அவரு பண்ணலியா? பின்ன யாரு?

மாடியிலருந்தா?

நேத்தே பண்ணிட்டாளா... நான் கத்தின உடனேயா? என்ன சொன்னா? ...'அக்கா சமைக்கணும், எங்க வேலைய அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல கீழ போங்க'ன்னா? அவ வீட்டுலயும் வேலை இருக்கா? குளியலறைக் குழாயா, ஒழுகுதா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. அழுத்தக்காரின்னு சொன்னேன்ல.

...நேத்து சாயங்காலம் ஒரு டப்பா நிறைய இந்த மார்ஷ்மெல்லோவ மாவோட அள்ளிப் போட்டு எடுத்துக்கிட்டு மேல போனேன் தம்பி. உங்ககிட்ட சொன்னா என்ன. பாதிப் படி ஏறிட்டேன். உள்ள ரெண்டு வாலும் எதுக்கோ சிரிக்குதுங்க. நான் இல்லாமக்கூட சிரிக்குதுங்களேன்னு இருந்துச்சு. கதவத் தட்டி என்ன சொல்றது? திரும்பிட்டேன். மூடிகூட ஒழுங்காப் போடல அந்த டப்பாவுக்கு. சரி, அத விடுங்க.

சொவத்துக்குள்ள போற குழாயில இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கா? அத எப்பிடி எடுக்கறது, சொவத்த இடிக்கணுமா? ...வெந்நீரா? வெறும் வெந்நீரா? கொதிக்கக் கொதிக்க இல்லாம, நல்ல சூடா ரெண்டு குடம் ஊத்தினா தானா இளகிப் போயிடுமா? அடப் பாவமே! இதுக்கா நான் படியில நின்னு அந்தக் கத்து கத்தினேன்!

இருங்க, குழாய மாட்டுங்க. வெந்நீருதானே, என் அடுப்புலயே... பெரிய பாத்திரமும் இருக்கு...

இல்ல. இருங்க தம்பி. இருக்குதான். ஆனா கூப்பிடறதுக்கு எனக்கும் ஒரு சாக்கு வேணாமா? அந்த டார்ச்சப் பிடிங்க. தள்ளுங்க, ஜன்னலத் தொறக்கறேன். அன்னிக்குச் சாத்தினது, இறுகிக்கிச்சு... ம்ம்... தொறந்துடுச்சு.

ஏய்! ...சின்னவளே! ...கேக்குதா? கொஞ்சம் வெந்நீர் வேணும்டி! பெரிய பாத்திரமா வை! ...குழாய்க்குத்தான்!

...என்ன சொல்றா? உங்களுக்குக் கேட்டுச்சா? அடுப்புல ஏற்கனவே கொதிச்சுக்கிட்டு இருக்கா? ...ஏற்கனவேயா?

தம்பி, நீங்க சொன்னீங்களா? சத்தியமா இல்லியா? அப்ப அவளுக்கு எப்பிடித் தெரியும்? ...நேத்தே தெரிஞ்சிருக்கு. ஜன்னல்தான். சாத்தினாலும் இடுக்கு வழியா மூணு தடவ செஞ்ச வாசனையும் மேல போச்சு, ஒண்ணுகூடத் தட்டுல வெளிய வரல. டிகிரி வாங்கினவ, கூட்டிக் கழிச்சுப் பாக்கத் தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டே 'சரிக்கா'ன்னிருக்கா. கல்லு மாதிரி நின்னு 'சரிக்கா'ன்னிருக்கா! இவள நான்...

கதவு தொறக்கற சத்தம். கேக்குதா? தடதடன்னு வருதுங்க பாருங்க, வாலுங்க ரெண்டும் முன்னாடி! அடியே, மெதுவாடி, மெதுவா! அம்மா கையில சூடு இருக்கு, மோதிடாதீங்க! தட்டத் தொறந்து வைங்க தம்பி, அந்த மேடையக் கொஞ்சம் காலி பண்ணுங்க, ஸ்பேனரெல்லாம் எடுங்க, ரெண்டும் ஏறி உக்காரும். பக்கெட்ட மூடாதீங்க. பரவால்ல, பாக்கட்டும். பாத்துட்டுச் சிரிக்கட்டும்.

ஏய் சின்னவளே, பாத்து இறங்கு! நடுப்படியில மாவு கொட்டியிருக்கு, வழுக்கும்! ...என்னது? யாரு கொட்டினதா?

நாந்தான்டி! எல்லாம் நாந்தான்! நீ மெதுவா வா!